எழுத்துகள் தீப்பற்றி எரிவதுபோல் ஃபோட்டோஷாப்பில் அமைப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். கறுப்புப் பின்னணியில் தடித்த எழுத்துகளை அமைத்து, லேயர் (அடுக்கு) ஸ்டைலில் உள்ள, எழுத்தைச் சுற்றி ஒளிரச் செய்யும் அவுட்டர் க்ளோவைச் செம்மஞ்சள் நிறத்தில் கொடுத்தேன். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் ஒளி பரவுவதால், அது நியான் விளக்கைப் போல் இருக்கிறதே தவிர, நெருப்பாகத் தெரியவில்லை. எங்கே தவறுகிறேன்?

மறுமொழி 1:
நெருப்பு மேல்நோக்கி எழுவது. அவுட்டர் க்ளோவோ எல்லாத் திசையிலும் சமமாகப் பரவுவது. கறுப்புப் பின்னணியையும் வெள்ளை எழுத்தையும் ஒரே லேயராக இணைத்து, படத்தை வலப்புறமாக 90 டிகிரி திருப்பி, காற்று வீசியதுபோல் படத்தைக் கோடுகளாக இழுக்கும் விண்ட் ஃபில்டரை இடமிருந்து வீசுமாறு மூன்று முறை பயன்படுத்துங்கள். அந்த ஃபில்டர் கிடைமட்டமாக மட்டுமே வீசும் என்பதால்தான் படத்தைத் திருப்ப வேண்டியிருக்கிறது. பிறகு படத்தை நிமிர்த்தி, காஸியன் ப்ளரால் லேசாக மங்கச் செய்து, படத்தை இழுத்து வளைக்க உதவும் லிக்விஃபையில் சிறிய தூரிகையால் சுடர்களின் நுனிகளை ஒவ்வொன்றாக வளைத்துவிடுங்கள். நுனிகள் ஒரே உயரத்தில் நின்றால் சீப்பின் பற்களைப் போல் தோன்றும்; பொறுமை மிகவும் தேவைப்படும் இடம் இதுதான்.

மறுமொழி 2:
நிறத்துக்கு எளிய வழி உண்டு. படத்தை க்ரேஸ்கேலுக்கும் (கறுப்பு, வெள்ளை, சாம்பல் மட்டும் உள்ள முறை), அடுத்து இண்டெக்ஸ்டு கலருக்கும் (ஒரு நிறப்பட்டியலில் உள்ள நிறங்களை மட்டும் பயன்படுத்தும் முறை) மாற்றி, கலர் டேபிளில் பிளாக் பாடியைத் தேர்ந்தெடுத்தால், கறுப்பிலிருந்து சிவப்பு, மஞ்சள் வழியாக வெள்ளை வரை நிறங்கள் தாமாகவே அமைந்துவிடும். முடிந்ததும் வழக்கமான வண்ண முறையான ஆர்ஜிபிக்குத் திரும்புங்கள். இண்டெக்ஸ்டு கலரில் புதிய லேயர் சேர்க்க முடியாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ‘ழ’வின் வளைவுகளுக்குள் சுடர் நிறைந்து எழுத்தே மறைந்தது, மூல எழுத்தைக் கறுப்பில் தனி லேயராக மேலே வைத்ததும் தெளிவாகிவிட்டது.