‘ஸ்பெக்ட்ரல் எவிடென்ஸ்’: ஆவியா, பேயா, உருவெளியா?

வணக்கம்.
1692-இல் மாசசூசெட்ஸ் சேலத்தில் நடந்த சூனிய வழக்குகளைப் பற்றி எழுதுவோரில், ‘ஸ்பெக்ட்ரல் எவிடென்ஸ்’ (குற்றஞ்சாட்டப்பட்டவரின் உருவம் தனக்குத் தோன்றியதாக ஒருவர் சொல்லும் சாட்சியம்) என்பதைச் சிலர் ‘ஆவிச் சாட்சியம்’ என்றும் சிலர் ‘பேய்ச் சாட்சியம்’ என்றும் எழுதலாம். நம் கலைச்சொல் பட்டியலில் ஒன்றுதான் ஏற வேண்டும். எதை வைத்துக்கொள்வது?

—

இரண்டும் வேண்டாம் என்பேன்.

பேய் என்றால் நமக்குச் செத்தவர். சேலத்தில் ‘ஸ்பெக்டர்’ என்றது உயிரோடிருப்பவரின் உருவத்தை. ஏப்ரல் 11 விசாரணையை எடுத்துக்கொள்ளுங்கள். எலிசபெத் பிராக்டர் நீதிபதிகள் முன் நிற்கிறார். அதே நேரத்தில் அவர் உத்தரத்தின் மேல் உட்கார்ந்திருப்பதாக, சூனியத்தால் வதைபடுவதாகச் சொன்ன சிறுமிகள் மேலே கைகாட்டுகிறார்கள். மற்றவர் கண்ணுக்கு வெறும் உத்தரம். இதைப் பேய் என்றால் வாசகர் அந்த அம்மாள் இறந்துவிட்டார் என்றல்லவா நினைப்பார்?

அசல் பேயும் அந்த வழக்குகளில் வருகிறது. பாதிரியார் ஜார்ஜ் பரோஸின் இறந்துபோன மனைவியர் இருவரும் சவத்துணியோடு வந்து, அவரே தங்களைக் கொன்றதாகச் சொன்னார்கள் என்று ஆன் பட்னம் என்ற சிறுமி வாக்குமூலம் கொடுத்தாள். ‘பேய்’ என்ற சொல்லை இதற்கு விட்டுவைக்க வேண்டும். ஒரே வழக்கில் இரண்டும் வரும்போது ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பவர் திண்டாடுவார்.

‘ஆவி’ கிறிஸ்தவ வாசகருக்குப் பரிசுத்த ஆவியை நினைவூட்டும். மற்றவர்களுக்கு இட்லி.

—

> உயிரோடிருப்பவரின் உருவம்

அப்படியானால் நம்மிடம் இருக்கிற ‘ஏவல்’ போதாதா? பில்லி, சூனியம், ஏவல் என்று ஊரே சொல்கிறது. ஏவிய உரு: ‘ஏவுருச் சாட்சியம்’. சுருக்கமாகவும் இருக்கிறது.

—

சொல் அழகு. ஆனால் தீர்ப்பைச் சொல்லுக்குள்ளேயே எழுதிவிடுகிறது. யார் ஏவியது என்பதுதானே வழக்கே!

தலைமை நீதிபதி ஸ்டோட்டனின் கட்சி, ஒருவரின் சம்மதமில்லாமல் சாத்தானால் அவர் உருவை எடுக்க முடியாது என்பது. உருவம் தெரிந்தாலே ஆள் குற்றவாளி. பாஸ்டன் வட்டாரப் போதகர்கள் ஜூன் 15-இல் கொடுத்த அறிக்கை இதை மறுத்தது: கடவுள் அனுமதித்தால் பிசாசு குற்றமற்றவர் உருவிலும் வரலாம். (அதே அறிக்கை கடைசிப் பத்தியில் வழக்குகளை விரைந்து நடத்தச் சொல்லிற்று. நீதிமன்றம் காதில் வாங்கியது அந்தப் பத்தியைத்தான்.) குற்றஞ்சாட்டப்பட்ட சூசன்னா மார்ட்டின் இதை முன்விசாரணையிலேயே ஒரே வரியில் சொல்லியிருந்தார்: சாமுவேலின் உருவில் வந்தவன் எவர் உருவிலும் வரலாம். விவிலியத்தில், எந்தோர் என்ற ஊரில் அஞ்சனம் பார்த்து, இறந்த தீர்க்கதரிசி சாமுவேலை எழுப்பிய பெண்ணின் கதையைத்தான் சொல்கிறார். படிப்பாளிகள் புத்தகம் புத்தகமாக எழுதிய வாதம் அது. ஜூலை 19 அன்று அவரையும் தூக்கிலிட்டார்கள்.

ஆகவே ஏவியவர் யார் என்று சொல்லாத சொல் வேண்டும். ‘உருவெளி’ இருக்கிறது. கம்பனில் இராவணன் கண்ணெதிரே சீதையின் உருவெளித் தோற்றத்தைக் காண்கிறான். சீதை அங்கே இல்லை. ‘இவள்தானா?’ என்று சூர்ப்பணகையைக் கேட்டால், அதே இடத்தில் இராமன் நிற்பதாக அவள் சொல்கிறாள். ஆள் உயிரோடு வேறிடத்தில், உருவம் இங்கே, காண்பவருக்கு மட்டும். வேறென்ன வேண்டும்? உருவெளிச் சாட்சியம்.

—

> காண்பவருக்கு மட்டும்

இதில் ஒரு சிக்கல். இராவணன் கண்டது அவன் ஆசை காட்டியது. ‘உருவெளி’ என்றால் சிறுமிகளின் மனமயக்கம் என்று நாம் தீர்ப்பு எழுதியது ஆகாதா? ‘ஏவுரு’ ஒருபக்கம் சாய்ந்தால் இது மறுபக்கம் சாய்கிறது.

—

சாய்வு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இலக்கியத்துக்கு வெளியே இன்று அச்சொல் அதிகம் புழங்குவதில்லை. வரையறையில் ‘தோற்றத்தின் மூலம் எதுவாயினும்’ என்று சேர்த்துவிட்டால் தீர்ந்தது.

அதைவிட முக்கியம், சொல் எதுவரை செல்லும் என்பது. பிரிட்ஜெட் பிஷப் வழக்கே உரைகல். (ஜூன் 10, முதல் தூக்கு.) அவர் முன்பு குடியிருந்த வீட்டு நிலவறைச் சுவரில் கந்தலும் பன்றிமயிரும் வைத்துச் செய்து, தலையில்லாத ஊசிகள் குத்திய பொம்மைகள் கிடைத்ததாக இருவர் சொன்னார்கள். அது பொருள் பற்றிய சாட்சியம், உருவெளி அன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, நல்ல நிலா வெளிச்சத்தில், பிஷப்போ அவர் சாயலோ தன் வயிற்றின் மேல் உட்கார்ந்து கழுத்தை நெரித்ததாக ஜான் லவுடர் சொன்னது உருவெளிதான். நம்மூரில் அமுக்குவான் பேய் என்றிருப்பார்கள்.

சிக்கலானது மூன்றாவது வகை. பிஷப் மீதான குற்றப்பத்திரிகைகளில் சிறுமிகளை வதைத்த நாளாகக் குறித்திருப்பது ஏப்ரல் 19, அதாவது அவரை விசாரித்த அதே நாள். சிறுமிகள் துடித்ததைக் கூடியிருந்த எல்லோரும் பார்த்தார்கள், சாட்சிக்குப் பஞ்சமில்லை. துடிக்க வைத்த உருவத்தை மட்டும் சிறுமிகளைத் தவிர யாரும் பார்க்கவில்லை. துடிப்பு நேரடிச் சாட்சியம், காரணம் உருவெளிச் சாட்சியம். இரண்டையும் ஒன்றாக்கியதுதான் அந்த நீதிமன்றம் செய்த தவறு. நம் சொல்லும் அதைச் செய்துவிடக் கூடாது. 1693 ஜனவரியில் கூடிய புதிய நீதிமன்றம் உருவெளியை ஒதுக்கியதும் வழக்குகள் சரிந்தன. மூவர்மீது மட்டும் குற்றம் தீர்ப்பானது, அவர்களும் தூக்குக்குத் தப்பினார்கள்.

‘சான்று’ வேண்டாம், ‘சாட்சியம்’ இருக்கட்டும். சான்றில் பொருளும் ஆவணமும் அடங்கும். இது முழுக்க வாய்ச்சொல்.

—

ஏற்கிறேன். பதிவு இப்படி:

உருவெளிச் சாட்சியம்: குற்றஞ்சாட்டப்பட்டவரின் உருவம், அவர் உடல் இல்லாத இடத்தில், தனக்குத் தோன்றியதாக ஒருவர் அளிக்கும் வாய்மொழிச் சாட்சியம், தோற்றத்தின் மூலம் எதுவாயினும்.

‘சூனியக்காரி’ என்ற பதிவை ‘சூனியக்காரர்’ என்று திருத்துங்கள். தூக்கிலிடப்பட்ட 19 பேரில் ஐவர் ஆண்கள். ஊர்ப்பெயர் முதல்முறை வரும்போது ‘மாசசூசெட்ஸ் சேலம்’ என்றே இருக்கட்டும், இல்லாவிட்டால் மாம்பழம் எங்கே என்று கேட்பார்கள்.