இரணைத்தடம், பலதடம்: இரண்டு ‘பிஆர்ஐ’க்கும் பெயர் வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம்.

ஐஎஸ்டிஎன் என்ற இலக்கமுறைத் தொலைபேசி இணைப்பின் இரண்டு வகைக்கும் ‘அடிப்படை வீத இடைமுகம்’, ‘முதன்மை வீத இடைமுகம்’ என்ற பெயர்களை நம் தமிழ்ச் சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம் என்று பேச்சு முடிகிற மாதிரி இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள். கிளிநொச்சிப் பக்கம் கந்தோர் கந்தோராக (அலுவலகம் அலுவலகமாக) தொலைபேசி வேலை செய்கிறவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு வழக்கு இருக்கிறது.

ஐஎஸ்டிஎன் இணைப்பு இரண்டு அளவில் வரும். சின்னதில் (‘அடிப்படை’, ஆங்கிலத்தில் BRI) வினாடிக்கு 64 கிலோபிட் பேச்சுத் தடம் இரண்டு, அழைப்புச் சைகைகள் போய்வர 16 கிலோபிட் தடம் ஒன்று. பெரியது (‘முதன்மை’, PRI) 2.048 மெகாபிட். அதை 32 கூறாகப் பிரித்து, 0ஆவது கூறை ஒத்திசைவுக்கும் 16ஆவதைச் சைகைக்கும் விட்டால், மிச்சம் 30 பேர் ஒரே நேரத்தில் பேசலாம். ஆங்கிலச் சுருக்கத்தில் இவற்றின் முதலெழுத்து வேறு வேறு. தமிழில் எழுதிப் பாருங்கள்: இதுவும் பிஆர்ஐ, அதுவும் பிஆர்ஐ. நம்மிடம் இருப்பது ஒரே ‘ப’.

இதை எழுத்துச் சண்டை என்று தள்ளிவிட வேண்டாம். கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட ஒரு கந்தோரில் ஐப்பசி இடியோடு பழைய பிஏபிஎக்ஸ் (கந்தோருக்குள் அழைப்புகளைப் பிரித்துவிடுகிற பெட்டி) போய்விட்டது. புதியதற்கு விலைமனு கேட்டுத் தமிழிலேயே கடிதம் போட்டார்கள்: ‘ஐஎஸ்டிஎன் பிஆர்ஐ இணைப்பு 1’. அங்கே ஓடிக்கொண்டிருந்தது பெரிய வகை. வந்து இறங்கிய பெட்டியில் இருந்தது சின்ன வகைக் கார்ட்.

சொருகியே வேறாக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே பிடிபட்டிருக்கும். இரண்டுக்கும் அதே ஆர்ஜே45தான். கிளிக் என்று அழகாகப் பொருந்தும். ஆனால் சின்னதில் கம்பிகள் 3, 4, 5, 6ஆம் முனைகளில். பெரியதில் 1, 2, 4, 5இல். பூட்ட வந்த பிள்ளை வயரில்தான் பிழை என்று நினைத்துப் புதுத் தலை அடித்தார், வேறு கேபிள் போட்டார். சிவப்பு விளக்கு அப்படியே நின்றது. அப்புறம் ‘லைன் செத்துப்போச்சு’ என்று முறைப்பாடு போனது. வந்து சோதித்தவர்கள் லைன் நல்ல சுகமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கார்ட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்த ஆங்கிலத்தை யாரோ டோர்ச் அடித்து வாசித்த பிறகுதான் விசயம் வெளித்தது.

சரி, ‘அடிப்படை’, ‘முதன்மை’ என்று எழுதியிருந்தால் தப்பியிருப்பார்களா? எனக்கு நம்பிக்கை இல்லை. களஞ்சியப் பொறுப்பாளரிடம் இந்த இரண்டு சொல்லையும் கொடுத்து எது பெரியது என்று கேளுங்கள், முழிப்பார். அடிப்படையானதும் முதலில் வருவது, முதன்மையானதும் முதலில் வருவது. ஆங்கிலத்திலேயே அந்தப் பெயர்கள் அவ்வளவு நல்லவை அல்ல. அதை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

தடத்தின் எண்ணிக்கையை வைத்துப் பெயரிடலாம் என்பதுதான் என் யோசனை. முதலில் நான் ‘இருதடம்’, ‘முப்பதுதடம்’ என்று எழுதியதற்குக் கனடாவிலிருந்து அண்ணை ஒரு வரியில் பதில் போட்டார்: “தம்பி, எங்களுக்கு இங்கே 23.” உண்மைதான். வட அமெரிக்காவிலும் யப்பானிலும் பெரிய வகை 1.544 மெகாபிட், 24 கூறில் ஒன்று சைகைக்கு. ஆகவே முப்பதைக் கைவிட்டு ‘பல்தடம்’ என்றேன். உடனே இலக்கணம் பார்க்கிற நம் ஐயா, ‘பல்’லும் ‘தடமு’ம் புணர்ந்தால் ‘பஃறடம்’ என்றுதான் வரும், பஃறுளி, பஃறொடை போல, என்று திருத்தினார். ஐயா சொல்வது சரி. ஆனால் பஃறடம் என்று ஒரு லேபிள் அடித்துப் பெட்டியில் ஒட்டினால், அதை வாசிக்கிறவர் முதலில் அச்சுப் பிழை என்றுதான் நினைப்பார். ‘பலதடம்’ என்றால் இலக்கணமும் உடையாது, நாக்கும் உடையாது.

சின்னதுக்கு ‘இருதடம்’ போதும்தான். ஆனால் எனக்கு ‘இரணைத்தடம்’ பிடித்திருக்கிறது. ஒரே சொருகியில் சோடியாக வருகிற இரண்டு தடம். தனியாக ஒன்றை வாங்க முடியாது. அதற்கு இரணை என்பதைவிடப் பொருத்தமான சொல் எது? வன்னியில் இரணைமடு, இரணைப்பாலை, கடலுக்குள்ளே இரணைதீவு என்று இந்தச் சொல் நிலத்திலேயே எழுதிக் கிடக்கிறது. இரட்டைப் பிள்ளைகளை இரணைப் பிள்ளைகள் என்றுதான் எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். சென்னை நண்பர் ‘ரணம்’ மாதிரிக் காதில் விழுகிறது என்கிறார். விழட்டும். இரண்டு தரம் கேட்டால் பழகிவிடும். ஒரு பக்க வழக்கில் உயிரோடு இருக்கிற சொல்லை மற்றப் பக்கம் கற்றுக்கொள்வது, இரண்டு பக்கமும் அறியாத ஒன்றை அகராதியில் தோண்டி எடுப்பதைவிட எவ்வளவோ மேல். பள்ளிக்கூடப் புத்தகத்தில் ‘ஆளி’ என்று படித்த நாங்களே வாசலைத் தாண்டியதும் சுவிச் என்கிறோம் என்பதையும் மறக்கவில்லை. ஆனால் சுவிச்சைக் கேட்டால் கடையில் சுவிச்தான் வரும். பிஆர்ஐயைக் கேட்டால் எது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் இந்தச் சொற்களுக்கு வேலை இருக்கிறது.

‘லைன்’ என்பதை இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்வேன். “எத்தனை லைன்?” என்று கேட்டால் ஒருவர் வயரை எண்ணுவார், ஒருவர் தடத்தை எண்ணுவார், ஒருவர் தொலைபேசி இலக்கங்களை எண்ணுவார். பலதடத்தில் ஒரு வயர், 30 தடம், இலக்கம் நூறும் இருக்கலாம். கைத்தொலைபேசிக்குக் கவரேஜ் இல்லாவிட்டாலும் இங்கே ‘லைன் இல்லை’தான். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய சனத்துக்கு அது லயம், தோட்டத்து வரிசை வீடு. பாவம், ஒரு சொல் எவ்வளவைத்தான் சுமக்கும்.

சைகை போகிற தடம் ‘சைகைத்தடம்’, அதில் விவாதம் இல்லை. மற்றதைப் ‘பேச்சுத்தடம்’ என்றே வைக்கலாம். தொலைநகலும் அதில்தான் போகிறது என்ற ஆட்சேபம் சரி, ஆனால் கந்தோர் வேலைக்கு இது போதும்.

மிஞ்சுவது நேர அமைப்பு. புதுப் பெட்டி தன் துடிப்பை, அதாவது கூறுகளை நேரம் தவறாமல் அனுப்புகிற கடிகாரத் தாளத்தை, எப்போதும் தொலைபேசி நிறுவனத்தின் பக்கமிருந்து எடுக்க வேண்டும். தன் சொந்தத் துடிப்பில் ஓடவிட்டால் பேச்சுக்கு நடுவே டிக் டிக் என்று கேட்கும், தொலைநகல் பாதியில் அறுந்துவிடும். ஆங்கிலத் திரையில் இதற்கு எசமான், அடிமை என்ற பொருளில் சொற்கள் வருகின்றன. அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர எனக்கு மனமில்லை. ‘துடிப்பு தரும் பக்கம்’, ‘துடிப்பு எடுக்கும் பக்கம்’ என்று எழுதிவைத்திருக்கிறேன். நீளம்தான். இதைவிடக் குட்டையாக யாரிடமாவது இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். அந்தக் கந்தோர்ப் பெட்டிக்கு லேபிள் அடிக்கக் கொடுக்கவேண்டும்.