லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ: பால் சைமன் தூக்கிவிட்ட குழுவா?

கட்டைக்குரல்:
வாத்தியமே இல்லாமல் பாடி 5 கிராமி வாங்கிய தென்னாப்பிரிக்கக் குழு. மறுக்கவில்லை. ஆனால் 1986-இல் அமெரிக்கப் பாடகர் பால் சைமன் தன் ‘கிரேஸ்லேண்ட்’ ஆல்பத்தில் இவர்களைச் சேர்க்காமல் விட்டிருந்தால் இன்று நாம் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்போமா? அவர் தூக்கிவிட்ட குழு என்று சொன்னாலே சிலருக்குக் கோபம் வருகிறது.

மலைச்சாரல்:
வராமல் என்ன செய்யும்? ஜோசஃப் ஷபலாலா குழுவைத் தொடங்கியது 1960-களின் ஆரம்பத்தில். 1970-இல் வானொலியில் பாடினார்கள், அதை வைத்து இசைத்தட்டு ஒப்பந்தம் வந்தது. 1973-இல் முதல் எல்பி ‘அமாபூத்தோ’ வெளிவந்து தங்கத்தட்டு வாங்கியது. சைமன் வருவதற்குள் இவர்கள் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். நமக்குத் தெரியாதது யாருக்குமே தெரியாதது ஆகிவிடுமா?

கட்டைக்குரல்:
சரி, உள்ளூரில் பெரிய ஆட்கள்தான். நான் கேட்பது உலக மேடையை. 1987-இல் ‘ஷாகா ஜூலு’ ஆல்பத்தைத் தயாரித்தது சைமன். முதல் கிராமி அதற்குத்தான்.

ரயிலடி:
நடுவில் ஒரு விஷயம். நிறவெறி அரசு இருந்த காலம் அது. தென்னாப்பிரிக்காவோடு கலைத் தொடர்பு வேண்டாம் என்று ஐநா சொல்லியிருந்தது. அதை மீறிப் போனார் என்று சைமன் மேல் கடும் எதிர்ப்பு. 1987-இல் லண்டன் ஆல்பர்ட் ஹால் கச்சேரிக்கு வெளியே ஆர்ப்பாட்டமே நடந்தது. உள்ளே மேடையில் நின்று பாடியவர்கள் கறுப்பினக் கலைஞர்கள். யாருக்காகப் புறக்கணிப்போ அவர்களுடைய பாட்டையே கேட்காதே என்றால் எப்படி?

மலைச்சாரல்:
அது தனி விவாதம், ரயிலடி. இங்கே பாட்டைப் பற்றிப் பேசுவோம். இவர்கள் பாடுவது இசிகத்தமியா. ஊரைவிட்டுப் பிழைக்கப் போன ஜூலு இன ஆண்கள் சுரங்க, தொழிற்சாலை விடுதிகளில் வளர்த்த பாணி. சத்தம் வராமல் நுனிக்காலில் வைக்கும் அடவுகள், இரவு முழுக்க நடக்கும் போட்டிகள். ‘கிரேஸ்லேண்ட்’ ஆல்பத்தில் வரும் ‘ஹோம்லெஸ்’ பாட்டை ஹெட்போனில் கேளுங்கள். ஆரம்பத்தில் ஜூலு மொழி மட்டும், ஆங்கிலம் அப்புறம்தான். ஷபலாலாவின் மெல்லிய குரல் மேலே மிதக்கும். குழுவில் பெரும்பாலோர் கீழ்ஸ்தாயிக்காரர்கள், அடியில் கூட்டமாகக் கனமாக நிற்பார்கள். அவ்வளவு ஆழத்திலும் யாரும் கத்துவதில்லை! இதையெல்லாம் சைமனா சொல்லிக்கொடுத்தார்?

கட்டைக்குரல்:
இல்லை. ஆனால் அந்தப் பாட்டை எழுதியவர்களாக ஷபலாலா பெயரும் சைமன் பெயரும் சேர்ந்தே இருக்கின்றன. 1939-இல் ‘ம்பூபே’ என்ற பாட்டைப் பாடிய தென்னாப்பிரிக்கர் சாலமன் லிண்டாவை நினைத்துப் பாருங்கள். பாட்டு உலகம் சுற்றியது, உரிய பணம் கிடைக்காமல் அவர் 1962-இல் வறுமையில் செத்தார். சைமன் அப்படி ஏமாற்றவில்லையே.

மலைச்சாரல்:
ஏமாற்றாததற்கு நன்றி சொல்லலாம், பட்டா எழுதிக்கொடுக்க முடியாது. 1993-இல் மண்டேலா நோபல் வாங்க ஆஸ்லோ போனபோது பாடியது இவர்கள். மீதி 4 கிராமியும் 2005-இலும் அதற்குப் பிறகும் வந்தவை. ஷபலாலா ஒதுங்கி மகன்கள் கைக்கு வந்த பிறகும் 2018-இல் வாங்கினார்கள். அவர் 2020-இல் காலமானார், குழு பாடிக்கொண்டுதான் இருக்கிறது.

கட்டைக்குரல்:
அந்த 2018 கிராமி எதற்கு? ‘ஷாகா ஜூலு’வைத் திரும்பப் பாடியதற்கு. சைமன் தயாரித்த அதே ஆல்பம்!

மலைச்சாரல்:
தயாரித்தவர் சைமன். பாட்டு ஷபலாலாவுடையது. திரும்பப் பாடியது அவருடைய பிள்ளைகள். இதில் சைமனை எங்கே உட்கார வைக்கப் போகிறீர்கள்?