ஆம்பர் பெர்ஃப்யூம் யாருக்குப் பொருந்தும்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் பக்கத்து மேசையில் ஒரு அக்கா இருந்தார். அதிகம் பேச மாட்டார். கேட்டதற்குப் பதில் சொல்வார், தப்பு இருந்தால் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போடுவார், அவ்வளவுதான். ஆனால் மாதக் கடைசியில் கணக்கு ஒத்துவராமல் நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருவார். அப்போதுதான் அந்த வாசனை தெரியும். முழுக்க இனிப்பு என்றும் சொல்ல முடியாது, புகை என்றும் சொல்ல முடியாது. வெயிலில் காயப்போட்ட கம்பளியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்ட மாதிரி ஒரு வெதுவெதுப்பு. அவர் எழுந்து இரண்டடி தள்ளிப் போனால் இருக்காது.

ஒருநாள் கேட்டேவிட்டேன். “ஆம்பர்மா” என்று சொல்லி, பாட்டிலின் பெயரைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார்.

பல மாதம் சேர்த்துவைத்து வாங்கினேன். வேறொரு வேலைக்கான நேர்காணலுக்குத்தான் அதை முதன்முதலாகப் போட்டுக்கொண்டு போனேன். கிளம்புகிற அவசரத்தில் கழுத்தில் இரண்டு, மணிக்கட்டுகளில் ஒவ்வொன்று, உடையில் ஒன்று. உள்ளே போய் உட்கார்ந்து இரண்டு நிமிடம் ஆகியிருக்காது, எதிரில் இருந்தவர் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தார். வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் கேட்ட எந்தக் கேள்வியும் என் காதில் சரியாக விழவில்லை.

அதே பாட்டில்தான். அக்காவிடம் அப்படி இருந்தது என்னிடம் ஏன் இப்படி ஆனது என்று இன்றும் யோசிக்கிறேன். ஆம்பர் என்றாலே துணிச்சல், கவர்ச்சி என்று சொல்லித்தான் விற்கிறார்கள். நான் பார்த்த வரையில் அது நிதானமானவர்களுக்கான வாசனை. உங்களுக்குத் தெரிந்தவர்களில் யாரிடம் இது பொருந்தியிருந்தது? கொஞ்சம் எழுதுங்கள்.

*

நிதானம் என்று நீங்கள் சொன்னதை நான் ஒத்துக்கொள்கிறேன். பெர்ஃப்யூம் கலப்பது என் பொழுதுபோக்கு. ஆம்பரை ஒரு தடவை கையால் கலந்து பார்த்தால் அதன் குணம் தெரிந்துவிடும்.

நகையில் பதிக்கிறார்களே, கல்லாகிப்போன மரப்பிசின், அதற்கும் ஆம்பர் என்றுதான் பெயர். ஆனால் அதற்கு வாசனை என்று சொல்லிக்கொள்ள ஏதும் இல்லை. பெயர் அரபியில் ‘அன்பர்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அந்தச் சொல் குறிப்பது திமிங்கலத்தின் குடலில் உருவாகிக் கடலில் மிதந்து வருகிற ஒரு பொருளை. பழைய தமிழில் ஓர்க்கோலை என்பார்கள். முத்து, பவளம், சங்கு, உப்போடு சேர்த்துக் கடல் தரும் ஐந்து பொருள்களில் ஒன்றாக வைத்திருந்தார்கள். இன்று நாம் ஆம்பர் என்று வாங்குகிற பாட்டிலில் பெரும்பாலும் இந்த இரண்டுமே கிடையாது. லாப்டனம், சாம்பிராணிப் பிசின், வனிலாவுக்கு மணம் தருகிற வனிலின் என்ற மூன்றும் சேர்ந்த கூட்டுதான் அதன் முதுகெலும்பு.

லாப்டனம் மத்திய தரைக்கடல் பக்கத்துப் புதர்ச்செடி ஒன்றின் பிசின். கோடை வெயிலில் இலையெல்லாம் பிசுபிசுவென்று ஆகிவிடும். கிரீட் தீவில் அந்தக் காலத்தில் புதருக்குள் மேய்ந்துவிட்டு வருகிற ஆடுகளின் தாடியிலிருந்து அதைச் சீவி எடுத்திருக்கிறார்கள். அப்புறம் தோல் வார்கள் கட்டிய ஒரு வாரியை வைத்துச் செடியின் மேல் இழுத்து எடுத்தார்கள். வனிலின் கதை வேறு. 1874-இல் ஜெர்மனியில் டீமான், ஹார்மான் என்ற இருவர் அதைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டினார்கள். கெர்லான் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் ஷாலிமார் பெர்ஃப்யூம் 1925-இல் வந்தது. மேலே பெர்கமாட் எலுமிச்சை, அடியில் வனிலாவும் பிசின்களும். நூறு வருடம் ஆகியும் விற்பனையில் இருக்கிறது.

என் அனுபவத்துக்கு வருகிறேன். லாப்டனம் குப்பியைத் திறந்தால் தார் மாதிரி இருக்கும். கவிழ்த்தாலும் விழாது. வெந்நீரில் பத்து நிமிடம் நிறுத்திவைத்தால்தான் ஒரு சொட்டு இறங்கும். சாம்பிராணிப் பிசினை ஆல்கஹாலில் கரைத்து, வனிலினைத் தூவி, மூன்றையும் ஒன்றாகச் சேர்த்த அன்று முகர்ந்து பார்த்தேன். பழைய தோல் பை தனியாக, வனிலா தனியாக என்று ஒன்றோடொன்று பேசாமல் கிடந்தன. வீணாகிவிட்டது என்று மூடி அலமாரியின் பின்பக்கம் தள்ளிவிட்டேன். மூன்று வாரம் கழித்து வேறெதையோ தேடும்போது அகப்பட்டது. திறந்தால் ஒரே வாசனை. எங்கே தோல் முடிகிறது, எங்கே வனிலா ஆரம்பிக்கிறது என்று பிரிக்கவே முடியவில்லை. காகிதப் பட்டையில் தொட்டுவைத்தது நாலு நாள் நின்றது.

கனமான மூலக்கூறுகள் மெதுவாகத்தான் ஆவியாகும். காத்திருக்கத் தெரிந்தவருக்குத்தான் இது தன்னைக் காட்டும். நேர்காணலுக்குப் பத்து நிமிடம் முன்னால் போட்டிருந்தால் எதிரில் இருந்தவர் முகர்ந்தது ஆம்பரே இல்லை, அதற்கு முன்னால் வருகிற ஆல்கஹாலும் எலுமிச்சையும்தான்.

*

எனக்கு இதில் கருத்து வேறுபாடு உண்டு. நான் வாயாடி. ஒரு இடத்தில் உட்கார மாட்டேன், பாதிப் பேச்சில் அடுத்த வேலைக்கு ஓடிவிடுவேன். மேலே சொன்ன கணக்குப்படி எனக்கு ஆம்பர் ஆகவே ஆகாது. ஆனால் எட்டு வருடமாக அதைத்தான் போடுகிறேன்.

பரிசாக வந்தது. எனக்கு எலுமிச்சை, புல் வாசனைதான் பிடிக்கும், வேறு வழியில்லாமல்தான் ஆரம்பித்தேன். இடது மணிக்கட்டில் ஒன்றே ஒன்று. வேலைக்கு நடுவில் அடிக்கடி கையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகும் பழக்கம் வந்துவிட்டது. முகர்வதற்கு மூச்சை இழுக்க வேண்டும் இல்லையா, அந்த ஒரு மூச்சு என்னை நிறுத்தியது. ஒரு கூட்டத்தில் சூடாகப் பதில் சொல்ல வாயெடுத்தவன், கன்னத்தில் கை வைத்திருந்ததால் அந்த வாசனை வந்து, சொல்லாமல் விட்டிருக்கிறேன். குணத்துக்கு ஏற்ற வாசனை என்று தேடுவதைவிட, எந்தக் குணம் நமக்கு வேண்டுமோ அதற்கேற்ற வாசனையைப் போட்டுக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

*

இதை எழுதலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருவர் ஆம்பர் போடுவார். தங்கமான மனிதர். ஆனால் அவர் வந்துபோன அறையில் மதியம் வரைக்கும் என்னால் உட்கார முடியாது. மூக்கு சீக்கிரமே பழகிவிடுவதால் கால் மணி நேரத்துக்குப் பிறகு அவருக்கே அது தெரியாது, போதவில்லை என்று நினைத்து மறுபடியும் போட்டுக்கொள்வார். மல்லிகையோ எலுமிச்சையோ என்றால் கொஞ்ச நேரத்தில் போய்விடும். ஆம்பர் திரையிலும் மெத்தையிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

ஆறு மாதம் பொறுத்துவிட்டு ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போனது. மறுநாளிலிருந்து மார்புக்கு நடுவில் சட்டைக்கு உள்ளே ஒரு தொடுகை மட்டும். “இப்ப பரவாயில்லையா?” என்று ஒரு வாரம் தினமும் வந்து கேட்டார். அந்த அளவில் எனக்கே அது பிடித்திருந்தது. ஆம்பர் யாருக்குப் பொருந்தும் என்று என்னைக் கேட்டால், அப்படி வந்து கேட்கிறவர்களுக்குப் பொருந்தும்.

*

எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. காலடியை வைத்தும் வாசனையை வைத்தும் ஆளை அடையாளம் வைத்துக்கொள்வேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு சார் ஆம்பர்காரர். அவரிடமிருந்து எனக்கு மணியே தெரியும். எலுமிச்சையின் கூர்மை இருந்தால் இப்போதுதான் வந்திருக்கிறார். வனிலா மேலோங்கியிருந்தால் முற்பகல். சாயங்காலம் ஆனால் பிசின் மட்டும் மிச்சம், உலர்ந்த மரத்தைத் தொட்ட மாதிரி. மாடிப்படி வேகமாக ஏறி வந்தால் உடம்புச் சூட்டில் இனிப்பு ஒரேயடியாகக் கிளம்பும். “என்ன சார், லிஃப்ட் வேலை செய்யலையா?” என்பேன், ஆச்சரியப்படுவார்.

நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று தெரிந்தும், இத்தனை வருடத்தில் ஒருநாள்கூடத் தன் பெயரைச் சொல்லாமல் அவர் என்னிடம் பேச்சைத் தொடங்கியதில்லை. அந்த வாசனையை இனி எங்கே முகர்ந்தாலும் எனக்கு அந்த மரியாதைதான் ஞாபகம் வரும்.

*

சின்னத் தகவல் ஒன்று. ‘ஓரியண்டல்’ என்று அழைத்துவந்த மொத்த வாசனைக் குடும்பத்துக்கும், பெர்ஃப்யூம்களை வகைப்படுத்துகிற நிபுணர் மைக்கேல் எட்வர்ட்ஸ் தன் வகைப்பாட்டில் 2021-இல் ‘ஆம்பர்’ என்று பெயர் மாற்றினார். அதனால் அட்டையில் ஆம்பர் என்று பார்த்ததும் மேலே நண்பர் சொன்ன பிசின்கூட்டு என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். தோலில் போட்டு, இரண்டு மணி நேரம் வெளியே சுற்றிவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். இன்னொன்று, வனிலின் கூடுதலாக இருக்கும் பெர்ஃப்யூம் நாள்பட நாள்பட நிறம் கறுக்கும், வெள்ளைத் துணியில் கறை விடும். என் சட்டைக் காலர் ஒன்று அப்படித்தான் போனது.

*

இத்தனை பேர் எழுதியதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை, அக்காவுக்கு ஃபோன் செய்தேன். ஓய்வு பெற்றுவிட்டார். குரல் அப்படியேதான் இருக்கிறது. ஜன்னல் கதையை இத்தனை நாளும் அவரிடம் சொன்னதில்லை, அன்றுதான் சொன்னேன். சிரிக்கவில்லை, “அடடா, அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா” என்றார்.

“நீங்க எத்தனை தடவை அடிப்பீங்கக்கா?”

“ரெண்டு.”

“கழுத்துலயா?”

“என் மேல எங்க அடிச்சேன்? சால்வையிலதான். அதுவும் முந்தின நாள் ராத்திரியே. காலைல அடிச்சா எனக்கே தலை வலிக்கும்.”

அவர் எப்போதும் ஒரு பழுப்புச் சால்வை போர்த்தியிருப்பார், குளிருக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறு வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் இதை நான் கேட்கவே இல்லை.

நேற்று ராத்திரி என் கறுப்புத் துப்பட்டாவைக் கொடியில் விரித்துப் போட்டு, ஒரு கை தூரத்தில் நின்று இரண்டே தடவை அடித்தேன். அறை முழுக்க எலுமிச்சை ஏறியது. கதவைச் சாத்திவிட்டு வந்து படுத்தேன். காலையில் எடுத்து முகர்ந்தால் அந்தக் கூர்மை சுத்தமாக இல்லை. கணக்கு ஒத்துவராத சாயங்காலங்களில் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அதே வாசனை. அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.