புதுப்பிப்பு: மகளின் ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது

போன மாதம் கேட்டிருந்தேன்: வீட்டிலேயே படிக்கும் என் 14 வயது மகள் ஆய்வுக் கட்டுரைக்கு 'உலக வெப்பமயமாதல்' என்று தலைப்பு எழுதிவிட்டு, அடுத்த வரி ஓடாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று. "காலடியில் இருப்பதைப் பார்க்கச் சொல்லுங்கள்" என்றார் ஒருவர். நிஜமாகவே காலடியில்தான் இருந்தது.

காரைக்குடியில் ஆச்சி வீட்டுத் தரையில் படுத்தபடி கேட்டாள்: "பாலிஷே போடாம இந்தக் கல்லு எப்படிப் பளபளக்குது?"

மறுநாளே, இந்தத் தரைக்கல்லைக் கையால் வார்க்கிற ஆத்தங்குடிக்குப் போனோம்; காரைக்குடிக்குப் பக்கத்து ஊர். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, பூவின் ஒவ்வொரு இதழிலும் சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றுகிறார்கள். அதன்மேல் மணலும் சிமெண்டும். பிறகு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைக்கிறார்கள். கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லுக்கு வந்துவிடுகிறது. இவளும் ஊற்றிப் பார்த்தாள். சிவப்பு, இதழைத் தாண்டி வழிந்தது. "பதறாம ஊத்து ஆத்தா" என்றார் அங்கே கல் வார்க்கும் பெரியவர்.

இப்போது தலைப்பு: 'வார்க்கும் தளம் மாறினால் சிமெண்டுக் கல்லின் மேற்பரப்பு எப்படி மாறும்?' பதில் அவளுக்குத் தெரியாது, ஆனால் அவளே சோதித்துப் பார்க்கலாம். எனக்கு இந்தத் தலைப்பு பிடித்ததே அதனால்தான். ஒரே கலவையைக் கண்ணாடியில் ஒன்று, மரப்பலகையில் ஒன்று, தகரத்தில் ஒன்று என வார்த்திருக்கிறாள். மூன்றும் கொல்லைத் தொட்டியில் ஊறுகின்றன. வியாழக்கிழமை எடுக்கிறோம்.