செரட்டோனின் குறைந்தால்தான் மாத்திரையா?

மருந்துக்கடை மாரி: மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் வேலையைக் கூட்டும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரையை மனச்சோர்வுக்குச் சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் ஏமாளிகள் என்று நேற்று அருவி எழுதியதைப் பார்த்து எரிச்சல்தான் வந்தது. செரட்டோனின் குறைவுதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 2022ல் லண்டன் ஆய்வு சொல்லிவிட்டதாம். மான்கிரீஃப் குழுவின் அந்த ஆய்வு செரட்டோனினுக்கும் சோர்வுக்கும் உள்ள தொடர்பைத்தான் அலசியது. மாத்திரைக்குக் கேட்கிறதா என்று பார்க்கவே இல்லை.

அருவி: சுற்றி வளைக்க வேண்டாம். செரட்டோனின் குறைகிறதா, இல்லையா?

மருந்துக்கடை மாரி: காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போடுகிறீர்களே, உடம்பில் பாராசிட்டமால் குறைந்தா காய்ச்சல் வந்தது? 2018ல் சிப்ரியானி குழு 522 சோதனைகளைத் தொகுத்து லான்செட் மருத்துவ இதழில் எழுதியது. 1,16,000 பேருக்கு மேல். பார்த்த 21 மனச்சோர்வு மருந்துகளும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேல்.

அருவி: எவ்வளவு மேல்? சராசரியில் கொஞ்சம்தான். முக்கால்வாசி சோதனைக்குக் கம்பெனிக் காசு. அது சரி, குறைகிறதா இல்லையா?

தேன்மொழி: என் அக்கா எஸ்சிடலோபிராம் எடுத்தாள், அதுவும் எஸ்.எஸ்.ஆர்.ஐ.தான். முதலில் குமட்டல், தூக்கமும் போச்சு. சில வாரம் கழித்துத்தான் தானாக எழுந்து தலை வாரினாள். அவளுக்கு யாரும் செரட்டோனின் அளந்து பார்க்கவில்லை.

அருவி: மாத்திரை இல்லாமலும் சரியாகியிருக்கும்.

தேன்மொழி: நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தீர்களா?

மருந்துக்கடை மாரி: கொரோனா சமயத்தில் கஷாயம் ஒன்றே போதும் என்று சண்டை போட்டவர் இவர். ஆதாரம் கேட்டால் 'என் அனுபவம்' என்றார். அடுத்தவர் அனுபவம் மட்டும் செல்லாதாம்.

அருவி: பழைய கதை எதற்கு? மாத்திரை விற்கிறவர் மாத்திரையைக் குறை சொல்வாரா?

மருந்துக்கடை மாரி: விற்கிறவன்தான் பாதியில் விட்டவர்களையும் பார்க்கிறேன். இப்படி எதையோ படித்துவிட்டு ஒருவர் சட்டென்று நிறுத்திவிட்டார். தலைக்குள் கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டரைக் கேட்டு அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டிய மருந்து இது.

அருவி: ஆக, விட முடியாத மருந்து. நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

மருந்துக்கடை மாரி: படிப்படியாக என்ற சொல் கண்ணில் படவில்லையா தம்பி?

அருவி: தம்பி கிம்பி எல்லாம் வேண்டாம்.

கணேசன்: லேசான சோர்வு என்றால் எடுத்த எடுப்பில் மாத்திரை வேண்டாம் என்கிறது பிரிட்டனில் டாக்டர்களுக்குச் சிகிச்சை வழிகாட்டி எழுதும் நைஸ் அமைப்பின் 2022 வழிகாட்டி. எந்த அளவு சோர்வைப் பற்றிச் சண்டை என்று இருவருமே சொல்லவில்லையே?

மருந்துக்கடை மாரி: கணேசன் சார், மாத்திரைக்குப் பதில் பேச்சு சிகிச்சை என்றால், எங்கள் ஊரில் அதற்கு ஆள் எங்கே? வழிகாட்டி எழுதுவது சுலபம்.

அருவி: தற்கொலை எண்ணம் வரலாம் என்று அமெரிக்காவில் இந்த மருந்துகளின் விவரத்தாளில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரித்தார்களே, அதை ஏன் மறைக்கிறீர்கள்?

மருந்துக்கடை மாரி: யார் மறைத்தது? 2004ல் சிறார்களுக்குப் போட்டார்கள், 2007ல் 24 வயது வரை நீட்டினார்கள். ஆரம்ப வாரங்களில் கூடவே இருந்து கவனியுங்கள் என்கிறது அது. மருந்தைத் தடை செய்யவில்லை. முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள், பேசலாம்.