அப்பாவின் கல்வெட்டில் ஒரு பக்கம்

நான்: அனைவருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருக்கும் அப்பாவின் வீட்டுக்கிருத்தியத்துக்கான கல்வெட்டை, அதாவது நினைவு மலரை, அச்சகத்தார் இன்றிரவே முடித்துக் கேட்கிறார்கள். பஞ்சபுராணம், அப்பாவின் வாழ்க்கை வரலாறு, நன்றி நவிலல் எல்லாம் ஆயத்தம். மீதமிருக்கும் ஒரு பக்கத்தில், அவர் வாழ்நாள் முழுவதும் கேட்ட ஃபிரிட்ஸ் வுண்டர்லிஷ் என்ற பாடகரைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

மாமி: தம்பி, கல்வெட்டு நம் சமயத்துக்கும் வம்சத்துக்கும் உரியது. அதில் ஜேர்மன்காரர் ஒருவர் எதற்கு?

நான்: மாமி, 1985இல் அப்பா ஸ்ருட்கார்ட்டில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, சமையலறை வானொலியில்தான் அந்தக் குரலை முதன்முதலாகக் கேட்டார். வுண்டர்லிஷ் வளர்ந்ததும் இதே ஊர் மேடையில்தான். 1955இல் ஸ்ருட்கார்ட் ஒப்பெராவில் (இசை நாடக அரங்கில்) சிறு வேடங்களுக்காகச் சேர்ந்தவர், யோசெஃப் ட்ராக்ஸல் என்ற முன்னணி டெனருக்குப் (உச்சக் குரல் ஆண் பாடகருக்குப்) பதிலாக மொட்சார்ட்டின் ‘மந்திரப் புல்லாங்குழல்’ இசை நாடகத்தில் டமினோ என்ற நாயகனாகப் பாடியபின்தான் ஊர் அவரைத் திரும்பிப் பார்த்தது. 1964இல் கார்ல் போம் இசைக்குழுவை நடத்திப் பதிவான அதன் இசைத்தட்டிலும் டமினோ அவரே.

தம்பி: அவர் ஸ்ருட்கார்ட்டிலேயே பிறந்தவர் என்றல்லவா நினைத்திருந்தேன்?

நான்: இல்லை. 1930இல் கூசல் என்ற சிற்றூரில் பிறந்தார். தாய் வயலின் வாசித்தவர், தந்தையும் இசைக்காரர். அவருக்கு ஐந்து வயதானபோது தந்தை தற்கொலை செய்துகொள்ள, வீடு வறுமையில் விழுந்தது. ஃபிரைபுர்க் இசைக் கல்லூரியில் படித்தபோது, இரவில் நடன இசைக்குழுவில் வாசித்துத் தன் செலவைப் பார்த்துக்கொண்டார்.

சித்தப்பா: தற்கொலை என்ற சொல்லை மட்டும் கல்வெட்டில் போடவேண்டாம் மகன். சபையில் எல்லோரும் வாசிப்பார்கள். “தந்தையை இழந்தார்” என்பது போதும்.

நான்: சரி சித்தப்பா, அப்படியே மாற்றிவிடுகிறேன்.

மாமி: அந்தப் பாடகரின் இசைத்தட்டு ஒன்றை வாங்கிய மாதம் அண்ணன் எங்களுக்குக் காசு அனுப்பவில்லை என்பது யாருக்காவது நினைவிருக்கிறதா? கடிதத்திலேயே சண்டை பிடித்தேன். அவர் பதில் எழுதவில்லை.

அக்கா: மாமி, அது பழைய சந்தையில் வாங்கிய, ஷூமான் என்ற ஜேர்மன் இசையமைப்பாளரின் பாடல் தட்டு. இப்போது என் வீட்டில்தான் இருக்கிறது. உள்ளே உள்ள பாடல் வரித் தாளில் அப்பா பென்சிலால் பொருள் எழுதியிருக்கிறார். ‘க்னொஸ்பன்’ என்பதற்குப் பக்கத்தில் “மொட்டுகள்”, ‘ட்ரேனன்’ என்பதற்குப் பக்கத்தில் “கண்ணீர்”. கண்ணீர் என்று எழுதிய இடத்தில் தாள் கிழியுமளவுக்கு அழித்து எழுதியிருக்கிறார்.

நான்: அந்தத் தாளால்தான் இந்தப் பக்கம் வேண்டும் என்கிறேன். வகுப்புக்குப் போக நேரமில்லாத மனிதர், ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக ஒலிக்கும் அந்தக் குரலை வைத்துத்தான் ஜேர்மன் படித்தார். அதே ஷூமான் பாடல்களைத் தொடக்கத்தில் மேடையில் பாடியபோது, வுண்டர்லிஷையும் விமர்சகர்கள் கடுமையாகக் குறைகூறினார்கள். ஒப்பெராவில் பெயர் பெற்றுவிட்ட நிலையிலும் அவர் ஹூபெர்ட் கீசன் என்ற பியானோக் கலைஞரிடம் மாணவனாக உட்கார்ந்து, பாட்டுக்குப் பாட்டு மறுபடியும் பயின்றார். இதைச் சொல்லும்போது மட்டும் அப்பாவின் குரல் தழதழக்கும்.

தம்பி: வுண்டர்லிஷ் படியில் விழுந்து இறந்தவர்தானே? எந்த வயதில்?

நான்: 1966 செப்டெம்பரில், நண்பர் ஒருவரின் வேட்டை மாளிகைப் படிக்கட்டில் தவறி விழுந்தார். 17ஆம் தேதி ஹைடல்பெர்க்கில் உயிர் பிரிந்தது. முப்பத்தாறு வயது நிறைய ஒன்பது நாள்கள் இருந்தன. ஒக்டோபரில் நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் ஒப்பெராவில் முதன்முதலாகப் பாட இருந்தார். கராயன் இசைக்குழுவை நடத்திய, ஹைடன் இயற்றிய ‘படைப்பு’ பதிவில் ஏரியாக்களை (தனிப் பாடல்களை) பாடி முடித்திருந்தார், ரெசிட்டேட்டிவ்கள் (பேச்சுபோலப் பாடும் பகுதிகள்) மீதமிருந்தன. அவற்றை வெர்னர் க்ரென் என்ற இன்னொரு பாடகர் பாடித் தட்டை முழுமையாக்கினார். ஒரே பாத்திரத்துக்கு இரண்டு குரல்கள். குரல் எங்கே மாறுகிறது என்று அப்பா நம் மூவரையும் கண்ணை மூடிக் கேட்கச் சொல்வாரே, அக்கா.

அக்கா: நினைவிருக்கிறது. தம்பி ஒவ்வொரு முறையும் சரியாகச் சொல்லிவிடுவான்.

சித்தப்பா: மண்டபத்தில் தேவாரம் முடிந்தபின் ஒரு பாட்டை ஒலிக்கவிடலாமா? எனக்கு விருப்பம்தான். ஆனாலும் ஐயரைக் கேளாமல் முடிவு சொல்ல முடியாது.

மாமி: பாட்டைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அண்ணனின் கையெழுத்து உள்ள அந்தத் தாளை மட்டும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள்.

நான்: அக்கா, எட்டு மணிக்கு முன்னர் நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து இங்கேயே போடுங்கள். எழுத்து துலங்கினால் பாதிப் பக்கத்துக்கு அதையே வைக்கிறேன். பாட்டைப் பற்றி ஐயர் சொன்னபின் பேசுவோம்.

அக்கா: தாளை மேசை விளக்கின் கீழே விரித்திருக்கிறேன். பென்சில் மங்கிவிட்டது. இருந்தாலும் வாசிக்கலாம்.